கூரையில் பாதிப் பூ

“எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்” என்றார் உள்ளே வந்த பெண்மணி. கையிலிருந்த குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார்.

கணவரை இழந்தபின் அந்த அம்மாள் பழைய மாடி வீடொன்றில் தனியே வசிக்கிறார். ஒட்டியிருக்கும் பக்கத்து வீடு கணவரின் அண்ணனுடையது. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், தம்பியின் சாவுக்கே வர மறுத்துவிட்டார் என்பது அண்ணன் மகன் சொன்ன செய்தி.

“மாடிக் கூடத்துச் சுவர்ல ஏதோ சத்தம் கேட்குதுன்னு அவன்கிட்ட சொன்னேன். ‘பூட்டின வீட்டுல யாரு சித்தி இருமப் போறாங்க?’ன்னு சிரிக்கிறான். நாளைக்கு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறானாம். வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துல சேருங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்.”

“எலியா இருக்கும் சார்!” என்றாள் உதவியாளப் பெண். அலுவலகத்தில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்றே பெயர்.

அம்மாளின் வீட்டில் சாப்பாட்டு மேசையருகே ஒரே ஒரு நாற்காலி. “மத்ததெல்லாம் காலியா நின்னு கண்ணை உறுத்துச்சு. பரண்ல ஏத்திட்டேன்” என்றார் அம்மாள்.

மாடிக் கூடத்தில் துப்பறிவாளர் அண்ணாந்து பார்த்தார். கூரையில் சுண்ணாம்புச் சாந்தால் செய்த பெரிய பூ, சுவரில் முட்டிப் பாதியில் நின்றது. மாடிப்படியின் மரக் கைப்பிடியும் அதே சுவருக்குள் போய் மறைந்தது.

“பூவைக் கூடத்துக்கு நடுவுலதானே வைப்பாங்க? மீதிப் பாதி எங்கேம்மா?”

“அந்தப் பக்கம். அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு வீட்டைப் பிரிச்சுக்கிட்டாங்க.”

துப்பறிவாளர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். மற்ற சுவர்கள் பாறையாய் மௌனம் காத்தன. பூவை மறித்த சுவர் மட்டும் அதிர்ந்தது.

“ஒத்தைச் செங்கல். கோபத்துல அவசரமா எழுப்பினது. அந்தப் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டாக்கூட இங்கே கேட்கும்.”

மாலையில் அண்ணன் மகன் வரவழைக்கப்பட்டான்.

“தம்பி, சத்தம்னுதான் சித்தி சொன்னாங்க. இருமல்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“அது... பேச்சுக்குச் சொன்னேன்.”

துப்பறிவாளர் அம்மாளிடம் திரும்பினார். “என்ன சத்தம்மா அது?”

“இருமல்தான்” என்றார் அவர் மெதுவாக. “சொன்னா இன்னும் பைத்தியம்னு நினைப்பீங்கன்னு சொல்லலை.”

துப்பறிவாளர் மறுபடி அவனைப் பார்த்தார். “வெளிநாடெல்லாம் இல்லை, உங்கப்பா இந்தச் சுவருக்குப் பின்னாலதான் இருக்காரு. ரெண்டு பாதியும் சேர்ந்தாத்தான் நல்ல விலை கிடைக்கும். பெரியவங்க ரெண்டு பேரும் சந்திச்சுப் பேசிட்டா விற்பனை நடக்காது. அதனால இவங்களுக்கு ஒரு பொய், அவருக்கு ஒரு பொய். சாவியைக் கொடுங்க.”

அவன் யாரையும் பார்க்காமல் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

பக்கத்து வீட்டு மாடியில் சுவரை ஒட்டி ஒரு கட்டில். வீங்கிய கால்களோடு படுத்திருந்த முதியவர், அம்மாளைக் கண்டதும் தடுமாறி எழுந்து உட்கார்ந்தார்.

“நீயாம்மா? வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ஊரை விட்டே போயிட்டீங்கன்னு சொன்னானே!” அவர் பார்வை அம்மாளைத் தாண்டி வாசலைத் தேடியது. “தம்பி எங்கே? கோபம் தீராம கீழேயே நிக்கிறானா?”

உதவியாளப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். துப்பறிவாளர் அவளை வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

அம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“சொல்றேன் அத்தான்” என்றார். “கொஞ்சம் தண்ணி குடிங்க. சொல்றேன்.”