வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் களவு

காலை ஆறு மணி. மன்னார் தீவின் தாழ்வுபாட்டில் மாக்கிறட் தன் கிணற்றடிக்கு வந்தபோது பம்பைக் காணவில்லை. குழாய் மட்டும் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவள், வெறும் மணலில் வளர்த்தெடுத்த வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அது. சிவந்த உடலும் கறுத்த சிறகுமுள்ள வண்ணத்துப்பூச்சி ஆடுதீண்டாப்பாளைக் கொடியில்தான் முட்டையிடும். ஐப்பசி கழிந்தும் மழை இல்லை. காட்டுக் கொடிகளெல்லாம் கருகிவிட்டன. மாக்கிறட்டின் கொடிதான் பச்சையாக நின்றது, அதில் புழுக்கள் மொய்த்திருந்தன. அவ்வளவு கொடிக்கும் வாளியால் அள்ளி ஊற்றி முடியாது. இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் போய்விடும்.

ஏழரை மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் சிவலட்சுமி வந்து இறங்கினாள். மன்னாருக்கே அவளால் பெருமை. எனக்கும்தான், மறைப்பானேன்? தகவல் கிடைத்ததும் முருங்கனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஏழு மணிக்குத் தீவுக்கு வரும் நீண்ட பாலத்தைக் கடந்திருந்தாள். தலைக்கவசக் கண்ணாடியை உயர்த்தியே ஓட்டினாள். காற்றில் வந்த மணலைத் தவிர வேறெதுவும் முகத்தில் படவில்லை.

"ஆரிலயும் சந்தேகமோ, அக்கா?"

"பக்கத்து வீட்டு ஜெராட்தான். மனுசருக்கே தண்ணி இல்லை, புழுவுக்கோ எண்டு நேற்றும் சண்டை பிடிச்சவர்."

ஜெராட் வேலிக்கு அப்பால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். "சண்டை பிடிச்சனான்தான். ஆனா ராத்திரி முழுக்கக் கடலில. படகில நாலு பேர், கேட்டுப் பாருங்கோ."

கேட்டாள். நால்வரும் ஓம் என்றார்கள்.

ஒன்பது மணிக்கு தனஞ்சயன் மோட்டார் சைக்கிளில் எரு மூட்டையோடு வந்தான். பாலத்துக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து நெல் விவசாயி. வாரந்தோறும் எரு கொண்டுவருபவன், பம்பு பழுதானால் திருத்திக் கொடுப்பவனும் அவனே.

"ஐயோ, பம்பைக் களவெடுத்திட்டாங்களோ? எந்த மனச்சாட்சி இல்லாதவன்!"

"வழமையா ஏழரைக்கு வாறனீங்கள் எண்டு அக்கா சொன்னவ. இண்டைக்கு என்ன சுணக்கம்?" சிவலட்சுமி கேட்டாள்.

"நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டனான், மிஸ். ஏழு மணிக்குப் பாலத்தில ஏறினால், வெள்ளை வண்ணத்துப்பூச்சி! முகமெல்லாம் அடிக்குது. ஒவ்வொரு வருசமும் இந்த நாளில வாறதுதானே. இறங்கி உருட்டிக்கொண்டு வந்தனான்."

சிவலட்சுமி அவனுடைய செருப்பைப் பார்த்தாள். குதிப் பக்கம் ஈரக் களிமண் அப்பியிருந்தது.

"பம்பு உங்கட வயலிலதானே நிக்குது, தனஞ்சயன்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது.

"அந்தப் பூச்சியள் மழை விழுந்த பிறகுதான் கூட்டமாப் பறக்கும். இந்த வருசம் இன்னும் ஒரு துளி விழேல்லை. பூச்சிக்கு மாசம் தெரியாது, மழைதான் தெரியும். நீங்கள் கலண்டரைப் பாத்துப் பொய் சொல்லிப்போட்டியள். ஏழு மணிக்கு நானும் அந்தப் பாலத்திலதான் வந்தனான். வெறும் பாலம். மழையே இல்லாத ஊரில உங்கட செருப்பில சேறு எப்பிடி வந்தது? காலமை தண்ணி இறைச்சுப்போட்டு வாறியள். அதுதான் சுணக்கம்."

தனஞ்சயன் எரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"குளம் வத்திப்போச்சு, மிஸ். விதைநெல்லுக்கெண்டு விதைச்ச துண்டு கண்ணுக்கு முன்னால காயுது. வயல் கிணத்தில கொஞ்சம் தண்ணி கிடக்கு, இறைக்கத்தான் பம்பு இல்லை. ராவோட ராவாக் கொண்டுபோனனான். வராமல் விட்டால் சந்தேகம் வருமெண்டுதான் எருவோட வந்தனான்."

சிவலட்சுமி மாக்கிறட்டைப் பார்த்தாள். "முறைப்பாடு எழுதட்டோ, அக்கா?"

"எழுதுங்கோ. களவு களவுதான்." மாக்கிறட்டின் குரலில் இளக்கம் இல்லை. கடலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, ஒருவரிடமும் கையேந்தாமல் நிமிர்ந்தவள் அவள்.

பதினொரு மணிக்குள் பம்பு பொலிஸ் வானில் திரும்பி வந்தது. அந்த வானில் ஏறப் போன தனஞ்சயனை மாக்கிறட் மறித்தாள்.

"உங்கட நெல்லுக்கு இண்டைக்கு வடிவாத் தண்ணி விட்டியளோ?"

அவன் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அப்ப இண்டைக்கு மிச்ச நேரமும் நாளைக்கும் என்ர கொடி. நாளையிண்டைக்கு உங்கட நெல். பிணையில வந்தாப் பிறகு வாசலில நிண்டு கேளுங்கோ, தருவன். கேட்டிருந்தால் நேற்றும் தந்திருப்பன்."

அவன் அப்போதுதான் அழுதான். மாக்கிறட் திரும்பிப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்ப் பம்பைக் குழாயில் பூட்டி இயக்கினாள்.