கஞ்சி இருந்தது, பிள்ளைகள் இல்லை

"என்னைக் கள்ளின்னு சொல்லிட்டாங்க சார்," என்றார் ஜெபமலர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பாத்திரக்கடை மாடியில் இருக்கிறது தாணுவின் துப்பறியும் நிலையம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். தலையில் இடி விழுந்தாலும் அவசரப்பட மாட்டார். அவருடைய உதவியாளர் ஜெஸ்லினுக்கோ அவசரம் கூடப்பிறந்தது.

பொன்முடி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயங்கள் என்னும் வரிசை வீடுகளுக்கு நடுவே தொழிலாளிகளின் குழந்தைகளுக்காகக் காப்பகம் நடத்துகிறார் ஜெபமலர். கோட்டைக்குள் உள்ள ஒரு குடும்ப அறக்கட்டளையிடம் உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தார். அதன் செயலாளர் வெங்கிடேஷ் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு குழந்தைகூட இல்லை என்று வந்து சொல்லிவிட்டார். இன்று மாலை அறக்கட்டளைக் கூட்டம்.

"இந்த மாசத்தோட கையிருப்பு தீரும். காப்பகத்த மூடினா, பிள்ளைகள வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் தாய்மாரு கொழுந்து பறிக்கப் போவணும். அப்படிப் பூட்டின வீட்டுல ஒரு குழந்தை அடுப்புல விழுந்து செத்துச்சு. அதுக்குப் பெறவாக்கும் நான் இத தொடங்குனது."

ஜெஸ்லின் முந்திக்கொண்டாள். "அந்த ஆளு மலையே ஏறியிருக்க மாட்டாரு சார். வீட்டுல இருந்துக்கிட்டே கதை விட்டிருக்காரு."

தாணு அவளைப் பார்க்காமலே, "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"அரிசி வாங்க மலையடிவாரத்துல வித்துராவுக்கு இறங்கியிருந்தேன். ஆயா மாடம்மாதான் இருந்தா. பிள்ளைகளு எல்லாம் அன்னைக்கு உண்டும்னுதான் சொல்லுதா. அன்னைக்குச் சனியன் பிடிச்ச நாளு சார். சாயந்திரம் தாய்மாரு வேற, ஒரு பிள்ளை பாக்கியில்லாம காலெல்லாம் அட்டை கடிச்சிருக்குன்னு எனக்க உயிர எடுத்தாச்சு. போதாக்குறைக்கு எஸ்டேட்டுப் புது மானேஜர், கட்டடத்த ஒழிச்சுத் தான்னு ஒத்தக்கால்ல நிக்காரு."

தாணு குடையை எடுத்துக்கொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் நடந்தார்.

அறக்கட்டளை என்றால் பெரிய மாளிகை என்று ஜெஸ்லின் நினைத்திருந்தாள். தெருவோடு ஒட்டிய வீடு, முன்கூடத்தில் ஒரு நீள மேஜை, அவ்வளவுதான். தலைவி சிவகாமியம்மாள் மேஜைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அண்ணன் மகன் வெங்கிடேஷ். காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாதத்தின் மேல் பிளாஸ்திரி.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறேளா?" என்றார் அவர் எடுத்த எடுப்பில். "கூடம் காலியாத்தான் கெடந்தது. ஒரு ஆயா. பெரிய பானையிலே கஞ்சி, ஆவி பறந்துண்டு இருந்தது. குழந்தைகள் எங்கேன்னு கேட்டேன், வாயத் திறக்கலை. பாலில்லாம கட்டன் சாயா போட்டுத் தந்தா. குடிச்சுட்டு வந்துட்டேன். மழையிலே நனைஞ்சதும் அட்டைக்கடியும்தான் மிச்சம்."

பிளாஸ்திரியைப் பார்த்த ஜெஸ்லினின் முகம் விழுந்துவிட்டது. மனிதர் போயிருக்கிறார். அப்படியானால் பொய் சொல்வது ஜெபமலரா? அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவே பயந்தாள்.

"உங்க கார்லயா போனீங்க?" என்றார் தாணு.

"வித்துரா வரைக்கும். அந்த எஸ்டேட் ரோட்டிலே காரோட அடி தட்டும்னு அங்கே உள்ளவா சொன்னா. ஷிபுன்னு ஒருத்தன் ஜீப்பைப் பிடிச்சேன். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டான்."

"ஜெஸ்லின், அந்த ஷிபுவுக்குப் போன் போடு. ஜீப் யாருக்குள்ளதுன்னு கேளு."

வெங்கிடேஷிடம் எண் வாங்கி, ஜெஸ்லின் தெருவில் இறங்கி நின்று மலையாளத்தில் கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "எஸ்டேட் ஜீப் சார். மானேஜருக்க வண்டி. அவரு ஊர்ல இல்லாத நேரம் திருட்டுத்தனமா வாடகைக்கு ஓட்டுவானாம்."

தாணு தலையசைத்தார். "ரெண்டு பேரு சொல்லுததும் உண்மைதான். ஆளில்லாத இடத்துல யாரும் பெரிய பானை நிறையக் கஞ்சி வைக்க மாட்டாங்க. பிள்ளைகளு அன்னைக்கு வந்திருக்கு. ஆனா கூடத்துக்குள்ள இருந்த பிள்ளைகளுக்கு, ஒண்ணு பாக்கியில்லாம, எப்படி அட்டை கடிக்கும்? மழையில, தேயிலைச் செடிக்கு அடியில உக்காந்திருந்தாத்தான் கடிக்கும்."

"மழையிலே எதுக்கு அங்கே போய் உக்காரணும்?" என்றார் சிவகாமியம்மாள்.

"ஒளிஞ்சு இருந்தாங்க அம்மா. கட்டடத்தக் காலி பண்ணச் சொல்லுத மானேஜருக்க ஜீப் ஹார்ன் மலை மேல முதல்லயே கேட்டாச்சு. வந்தது மானேஜர் இல்ல, உங்க அண்ணன் மகன்னு மாடம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

ஜெபமலர் மாடம்மாவை அழைத்து, போனை மேஜைமேல் வைத்தார். முதலில் காற்றின் இரைச்சல்தான் வந்தது. பிள்ளைகள் ஒளிந்திருந்தார்களா என்று கேட்டதும் அந்தப் பக்கம் அழுகை.

"ஆமா டீச்சரே. மானேஜர் கண்ணுல பிள்ளைகளு பட்டா அன்னைக்கே பூட்டிருவாரு. அதனால நான்தான் பழக்குனேன். ஹார்ன் கேட்டதும் பெரிசுக சின்னதுகள இடுப்புல தூக்கிட்டு ஓடிரும். மானேஜருக்க முகத்த நான் கண்டதில்ல. பெறவுதானே தெரிஞ்சுது, வந்தது சகாயம் தாற சார்னு. சொன்னா என்னை வேலையில இருந்து நிறுத்திருவீங்கன்னு பயந்துட்டேன்."

வெங்கிடேஷின் கால் ஆடுவது நின்றது. "நான் சாயா குடிச்சு முடிக்கற வரைக்கும் அங்கேயேவா? ஒண்ணுகூட அழலையே?"

"அழாது சாரே," என்றது போன்.

ஜெபமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன் முதுகுக்குப் பின்னால் தன் பிள்ளைகள் இதையும் கற்றுக்கொண்டார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. ஜெஸ்லினுக்கும் புதிர் அவிழ்ந்த சந்தோஷம் வரவில்லை.

வெங்கிடேஷ் தயங்கித் தயங்கி, "அத்தை, இடத்துக்கு அனுமதி இருந்தாத்தான் உதவின்னு நம்ம விதி..." என்றார்.

"இடம் இல்லாதவாளுக்கு உதவாத விதியை வெச்சுண்டு என்ன பண்றது?" சிவகாமியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மொதல் வருஷப் பணம் ஒரு சொந்தக் கொட்டகைக்கு. அதுவரைக்கும் அந்த மானேஜரோட நான் பேசிக்கறேன். நாளைக்கே போறேன். எந்த வண்டியிலே போகலாம், சொல்லுங்கோ."

"பஸ்ல போங்க அம்மா," என்றார் தாணு. "இறங்கி நடந்து போங்க. பிள்ளைகளப் பாக்கலாம்."

அணைக்க மறந்த போனிலிருந்து மாடம்மாவின் குரல் மறுபடி கேட்டது.

"டீச்சரே, அப்போ இனி பிள்ளைகளு ஒளியாண்டாம்லா?"

ஜெபமலர் கை நீட்டுவதற்குள் வெங்கிடேஷ் போனை எடுத்துவிட்டார். "வேண்டாம்," என்றார். "இனி வேண்டாம்னு அவாகிட்டச் சொல்லுங்கோ."