இரத்தத் திரையில் சங்கிலிபூதம்

"அக்கா, என் வீட்டுக்காரர ஸ்டேசன்ல அடிச்சே கொன்னுருவாவ போலருக்கு. நீங்கதான் காப்பாத்தணும்."

பாளையங்கோட்டையில் டெபோராவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்த பேச்சித்தாய் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைக் கவிழ்த்தாள். லாக்கப்பில் மாற்றுத் துணி கொடுக்கப் போனபோது திருப்பித் தந்த வேட்டி விழுந்தது. அதில் பாதி சிவப்பாக இருந்தது. கொலை செய்ததாகச் சொல்லப்பட்டவனின் சொந்த இரத்தம் அது.

டெபோரா ஒரு காலத்தில் போலீஸ் சைபர் பிரிவில் இருந்தவள். அடித்து உண்மை வாங்குகிற வழக்கம் பிடிக்காமல்தான் காக்கியைக் கழற்றினாள். உதவியாளன் ஜெனோ நேர் எதிர். கேள்வி முடியுமுன்னே பதில் சொல்கிற ரகம்.

முந்தின நாள் மதியம் வீரவநல்லூரில் பிளக்ஸ் கடைக்காரன் வன்னியராஜை யாரோ அரிவாளால் வெட்டிப் போட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு வெட்டு. தடுக்கப்போன கை தோலில் தொங்கியது. அண்ணனை மடியில் போட்டுக் கதறிக்கொண்டிருந்த தம்பி இசக்கிமுருகனை அங்கேயே பிடித்துவிட்டார்கள். பேச்சித்தாயின் புருஷன் அவன்தான்.

"அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்டை?" என்றாள் டெபோரா.

"கோயில் கொடைத் திருவிழாவுல யாரு சாமியாடுததுன்னுதான். இவியளுக்கும் ஆச. பெரியப்பா மவன் செந்தூர்பாண்டிக்கும் ஆச. 'ரெண்டு பேரும் வேண்டாம், நானே ஆடுதேன்'னு இவிய அண்ணன், எங்க அத்தான், சொல்லிட்டாவ. இவிய கைய நீட்டுனது நெசம். அதுக்காவ வெட்டுவாவளா? சொந்தக்காரங்களே எங்க வீட்டக் கல்லெறிஞ்சு உடைச்சுட்டாவ. அத்தான் லேப்டாப்புல சங்கிலிபூதம்னு இவிய போன் பேரு இருந்துச்சாம். அதான் சாட்சியாம்."

"சங்கிலிபூதம்?"

"எங்க குலசாமி. எங்க வகையறாவுல கன்னுக்குட்டி, கட, வண்டி, போனு, எதுக்கும் அவரு பேருதான் வைப்போம்."

டெபோரா எழுந்தாள். "கடைக்குப் போவோம்."

பேச்சித்தாயும் கூடவே வந்தாள். வீரவநல்லூர்க் கடைத் தரையைக் கழுவியும் இரத்த வாடை போகவில்லை. ஈ மொய்த்தது. இன்ஸ்பெக்டர் செல்வமணி, மேஜையில் இருந்த லேப்டாப்பையும் சம்பவ இடத்தில் எடுத்த படத்தையும் காட்டினார். படத்தில், இரத்தம் தெறித்த திரையின் நடுவே, சங்கிலிபூதத்துக்குக் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி.

"மதியம் கரண்ட் போயிருக்கு மேடம். கடை வைஃபை செத்துப்போச்சு. பேட்டரியில ஓடுன லேப்டாப், தெரிஞ்ச வைஃபையத் தேடியிருக்கு. தம்பி ஹாட்ஸ்பாட் சிக்கியிருக்கு. அவன் பக்கத்துல நின்னாத்தான சிக்கும்?"

"லேப்டாப்புல ஓடுறது லினக்ஸ்தானே, வைஃபைன்னாலே மக்கர் பண்ணும். வைஃபை டிரைவர் சாஃப்ட்வேர் கோளாறுக்கா!" என்று குதித்தான் ஜெனோ.

"பைய, ஜெனோ. அவசரப்படாத."

டெபோரா தன் போனின் ஹாட்ஸ்பாட்டில் அதைச் சேர்த்துப் பார்த்தாள். உடனே சேர்ந்தது. கோளாறு எதுவும் இல்லை. தன் ஹாட்ஸ்பாட்டை நிறுத்தினாள்; கடை வைஃபை அணைந்தே கிடந்தது. பிறகு லேப்டாப் தானாக எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்தாள். மின்சாரம் போன நேரத்தில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்திருந்தது: சங்கிலிபூதம் கிடைத்தது, சாவி, அதாவது கடவுச்சொல், பொருந்தவில்லை.

"இசக்கிமுருகன் போன் உங்ககிட்டதானே இருக்கு? ஹாட்ஸ்பாட்டைப் போடுங்க."

செல்வமணி போட்டார். லேப்டாப் எதுவும் கேட்காமல் சேர்ந்துகொண்டது. டெபோரா அந்தப் போனை அணைத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "இப்போ செந்தூர்பாண்டியைக் கூப்பிடுங்க."

"நேத்து மதியம் அவன் மணிமுத்தாறுக்கு லோடு ஏத்திட்டுப் போயிருந்தான் மேடம். அவனே சொன்னான்."

"பரவாயில்லை, வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் பாட்டு அலறியது. "அவன் வண்டிதான்," என்று முகம் சுளித்தாள் பேச்சித்தாய். "எந்நேரமும் போன் ஹாட்ஸ்பாட்டப் போட்டு, அந்த நெட்டுலதான் அந்தப் பாட்டுப்பெட்டி ஓடும்."

வண்டி கடை வாசலில் நின்றது. யாரும் தொடாத லேப்டாப் திரையில் பெட்டி எழும்பியது. சங்கிலிபூதம். கடவுச்சொல் தேவை.

செல்வமணி கையிலிருந்த அணைந்த போனைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"பேர் ஒண்ணு, சாவி வேற," என்றாள் டெபோரா. "தம்பி போன் வந்திருந்தா லேப்டாப் கேக்காமலே சேர்ந்திருக்கும். கேட்டுச்சு, அதனால வந்தது அவர் இல்லை."

"கொலைக்கு முன்னாடி சாவிய மாத்தியிருந்தா?" என்றார் செல்வமணி.

"பிடிச்சதுலருந்து போன் உங்க கையிலதானே? பழைய சாவிக்கே இப்போ திறந்துச்சே. வகையறா முழுக்க ஒரே பேர் வைக்கிறவங்கன்னு நீங்க விசாரிக்கவே இல்லை." அவள் வாசலைப் பார்த்தாள். "செந்தூர்பாண்டி, மணிமுத்தாறுல இருந்த போனு இந்தக் கடைக்குள்ள எப்படி எட்டுச்சு?"

உள்ளே வந்தவன் மேஜைமேல் கிடந்த பிளக்ஸ் வெட்டும் கத்தியைப் பிடுங்கி அவள்மேல் பாய்ந்தான். ஜெனோ குறுக்கே விழுந்தான். கத்தி அவன் தோளைக் கிழித்து எலும்பில் மாட்டியது. ஜெனோ மறுகையால் ஒரு இரும்புச் சட்டத்தை எடுத்து வீசினான். செந்தூர்பாண்டியின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நாந்தாம்லே வெட்டுனேன்!" தரையில் புரண்டு கத்தினான் அவன். "பூதம் எம்மேலதாம்லே இறங்கும்! அவன் யாரு வேண்டாங்கதுக்கு?"

செல்வமணி அவன் முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டினார். மூச்சு வாங்கியபடியே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "அந்த இசக்கிமுருகன விட்டுருங்க. உடனே வீட்டுக்கு அனுப்புங்க."

மறுமுனைக் குரல் வெளியே கேட்டது. "நடக்க முடியாது சார். ரெண்டு காலும் போச்சு. தூக்கித்தான் வரணும்."

பேச்சித்தாய் அழவில்லை. இன்ஸ்பெக்டரின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அடிச்சவியளே தூக்கிட்டு வரட்டும் சார். ஊரு பாக்க, தெரு வழியா தூக்கிட்டு வரட்டும்."

செல்வமணி தலையைக் குனிந்துகொண்டு, அவள் சொன்னதை அப்படியே போனில் சொன்னார்.