தொகுஜி வீட்டு ஈர அலமாரி

அக்கா இசேயைப் பார்க்க வாஜிமாவில் அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன். பரம்பரையாக, மரப்பாலில் எடுத்த அரக்கை மரச்சாமான்களுக்குப் பூசுகிற குடும்பம். அவர்கள் செய்த பீரோவைச் சீராகக் கொண்டுபோகிற பெண்ணுக்குத் தனி மரியாதை உண்டு.

"அக்கா எங்க அத்தான்?"

பட்டறையில் உட்கார்ந்திருந்த தொகுஜி அத்தான் நிமிரவில்லை. "மருந்து விக்கிறவன் ஒருத்தன் வந்தான். அவன்கூடக் கிளம்பிட்டா. எங்க மானத்த வாங்கிட்டா."

எனக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை. கோபம் வந்தால் அக்கா நேரே எங்கள் தீவில் வந்து நிற்பாள். எங்களைப் போல அவளும் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்து வளர்ந்தவள்.

அத்தான் ஒரு புதுத் தூரிகையைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். அரக்குத் தூரிகைக்குப் பெண்களின் தலைமுடிதான். மரத்துக்குள் நீளமாகப் புதைத்து, தேயத் தேயப் பென்சில் போலச் சீவிக்கொள்வார்கள். கறுப்பாகத்தான் இருக்கும். இதுவோ செம்பட்டை. உப்புத் தண்ணீரில் ஊறிய எங்கள் தீவுப் பெண்களின் நிறம்.

"இது யார் முடி?"

கத்தி நின்றது.

"அவளோடதுதான். வெட்டிக் குடுத்துட்டுப் போனா."

"வேற ஆம்பளகூட ஓடறவ, மொட்டை அடிச்சிக்கிட்டா ஓடுவா?"

அவருடைய அம்மா கொண்டுவந்த டீ பாயில் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அரக்கு வெயிலில் இறுகாது, ஈரத்தில்தான் இறுகும். அதற்காகவே பட்டறையின் கோடியில், ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஈர அலமாரி. பலகைகளில் தண்ணீர் தெளித்து, பூசிய சாமானை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள்.

"அதத் திறங்க."

"தூசி பட்டா மொத்த வேலையும் போச்சு. போய் டீயக் குடி."

அத்தானின் அம்மா என் காதருகே கிசுகிசுத்தாள். "இப்பல்லாம் தண்ணி தெளிக்கிறதே இல்லம்மா. தானா ஈரமாவுது."

"வாய மூடும்மா!"

நான் கதவைத் தள்ளினேன்.

கடற்பாசி வாடை.

இருட்டில் கறுப்பு பீரோ ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. அதற்குள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது.

பிறகு அந்த மூச்சு வெளியே வந்தது. நீளமாக, விசிலாக. ஆழத்திலிருந்து மேலே வந்ததும் எங்கள் பெண்கள் விடுகிற மூச்சு.

"அக்கா!"

அத்தான் என் தோளைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எலி."

"எலி விசிலடிக்குமா?"

என்னைத் தெருவில் தள்ளித் தாழ் போட்டுவிட்டார். அன்றிரவு சத்திரத்தில் அழுதுகொண்டே கிடந்தேன். போலீசில் என்னவென்று சொல்வது? ஒரு தூரிகை, ஒரு விசில். சிரிப்பார்கள்.

மறுநாள் காலை தீவுக்குத் திரும்பப் படகுத்துறையில் நின்றபோது இடது மணிக்கட்டு அரித்தது. கையைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. பச்சை அரக்கு பட்டால் உடம்பு இப்படித்தான் தடிக்கும். ஆனால் அந்தக் கதவைத் தவிர நான் எதையும் தொடவில்லை, அதையும் வலது கையால்தான் தள்ளினேன்.

உற்றுப் பார்த்தேன்.

யாரோ பிடித்த தடம். நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல்.

சுண்டுவிரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

நங்கூரக் கயிறு அக்காவின் சுண்டுவிரலைப் பாதியாக அறுத்துக்கொண்டு போன அன்று, கட்டுப் போட்டுவிட்டவள் நான்தான்.

படகிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன். ஓட ஓட, மணிக்கட்டில் பிடி இறுகிக்கொண்டே வந்தது.