ரவுட்டருக்கு மாமனார் பெயர்

வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அதுவும் பெகிமாயின் கையில்தான் இருந்தது. ஆனால் புது ரவுட்டரில் இரண்டு போன்கள் இணைந்திருப்பதாக அந்தப் போனின் திரை காட்டியது. ஒன்று அவளுடையது. இன்னொன்றுக்குப் பெயர் இல்லை, வெறும் கோடு.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எவனோ ஓசியில் நுழைந்துவிட்டானா! அக்கம்பக்கம் என்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே வீடு, அங்கே கூரைவரை பனி. கடவுச்சொல்லை மாற்றினாள். இணைப்பு அறுந்து, திரும்ப வந்தது. மறுபடியும் இரண்டு.

கொச்கோர் சந்தையில் ரவுட்டரை விற்ற பையன் அப்படியொன்றும் ஏமாற்றுக்காரனாகத் தெரியவில்லை. "எஜே, அக்கா, உங்களுது மண்சுவரா? அப்போ இந்தச் சின்னது ஆகாது, சுவத்துக்குள்ளயே செத்துப்போகும். இதோ பாருங்க, நாலு கொம்பு. வீட்டுக்கு நட்ட நடுவுல, உசரத்துல வைங்க. தொழுவத்துல மாடுகூட சீரியல் பாக்கும்" என்றான். "மாடு பாக்குறது இருக்கட்டும்டா தம்பி, நான் என் புருஷனப் பாக்கணும்" என்று இவள் சொல்ல, கடையே சிரித்தது.

நட்ட நடு என்றால் பெரிய அறை. வாசலுக்கு எதிரே அடுக்கிய மெத்தைகளின் உச்சியில் ரவுட்டரை வைத்தாள். அதன் அடியில்தான் மாமனார் உட்காருவார். இலையுதிர் காலத்தில் அவர் போனபின் அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. நோயில் கிடந்தபோது அவளுடைய வயிற்றையே பார்த்தபடி, "பேரனை ஒருதரமாவது மடியில வெச்சுக் கொஞ்சாம நான் போகமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போய்விட்டார். ஏர்மெக் பிறந்தது அதற்கப்புறம். இன்னும் தலைகூட நிற்காத பிள்ளை, அடுத்த அறையில் தொட்டிலில் கட்டித் தூங்கவைத்திருந்தாள்.

ரவுட்டர் தனக்கொரு பெயர் கேட்டபோதுதான் வம்பு. மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்த மிர்லானை, ஜன்னலோரம் நின்று சாதாரண அழைப்பில் பிடித்தாள்.

"வைஃபைக்குப் பேர் கேக்குதுங்க. என்ன போட?"

"அப்பா பேரப் போடு. அவரு கட்டுன வீடுதானே."

"ஐயோ! இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அத்தா பேரு என் வாயில வந்ததில்ல. உங்கம்மா கேட்டா தோல உரிச்சிடுவாங்க."

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? வாயால சொன்னாத்தான்டி தப்பு. விரலால அடி."

மாமியார் நரீனில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் கணவாய் அடைபட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. மருமகள் உச்சரிக்கக் கூடாத பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். எசென்குல். தட்டும்போது உதடுகளும் கூடவே அசைந்தன. அதை அவள் கவனிக்கவில்லை.

இப்போது, பெயரில்லாத அந்த இன்னொரு போனைப் பார்த்தபடி, தட்டும்போது உதடு அசைந்ததோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பகல்தான், ஆனால் விடாத பனி ஜன்னலில் பாதிக்கு மேல் ஏறி, அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம்தான் மிச்சமிருந்தது. அடுப்பில் சாணிவறட்டி எரியும் வாசனைக்கு நடுவே வேறொன்று மெல்ல மெல்ல எழும்பி வந்தது. நனைந்த கம்பளி. நாக்கடியில் அடக்கும் பச்சைப் புகையிலைப் பொடி. இந்த வீட்டில் அந்தப் பொடியைப் போட்டவர் ஒருவர்தான்.

நடையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

உள்ளே வருமுன் மாமனார் அப்படித்தான் செருமுவார், மருமகள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று. பெகிமாயின் கை தானாகத் தலைக்குப் போய்த் துணியை இழுத்துவிட்டது. பழக்கதோஷம். அப்புறம்தான் அவர் செத்துப்போனது உறைத்தது.

"யாரது?"

நடையில் செருப்பு வைக்கும் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் வெளிக்கதவுக்கு ஓடித் தோளைக் கொடுத்து முட்டினாள். கதவு வெளிப்பக்கம் திறப்பது. கூரையிலிருந்து சரிந்த பனி அதை மூடிக்கொண்டிருந்தது. விரல் நுழையும் அளவுகூட நகரவில்லை. ஜன்னல்களோ இரட்டைச் சட்டம், குளிருக்காக அவளே விளிம்பெல்லாம் காகிதம் ஒட்டியது. உடைத்தாலும் இந்தக் குளிரில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போக?

'பெயர்தானே கூப்பிட்டது. பெயரை அணைச்சுட்டா?'

பெரிய அறைக்கு ஓடினாள். ரவுட்டரின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். விளக்குகள் செத்தன. அப்பாடா என்று மூச்சு விட்டுப் போனைப் பார்த்தாள்.

வைஃபை பட்டியல். ஒரே பெயர். எசென்குல்.

சிக்னல் கோடுகள் குறையவில்லை. கையில் பிடுங்கிய கம்பி. போனில் அந்தப் பெயர். சமையல்கட்டுக்குப் போனாள், ஒரு கோடு. நடைக்கு வந்தாள், இரண்டு. பிள்ளை தூங்கும் அறை வாசலில் எல்லாக் கோடுகளும்.

"ஐயோ என் செல்லமே!"

தொட்டில் காலி. கட்டுத்துணிகள் அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தன. பதறித் திரும்பினாள். போனில் கோடுகள் அதற்குள் குறைந்திருந்தன. பெரிய அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். பிள்ளையின் சிரிப்பு. இதுவரை சிரிக்காத பிள்ளை.

வாசலில் நின்றாள்.

மெத்தை அடுக்கின் அடியில், அந்த இடத்தில், ஏர்மெக் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து. தரையில் இல்லை, தரைக்கு ஒரு முழம் மேலே. எதன் மேலோ சாய்ந்தபடி. மேலும் கீழும் மெல்ல ஆடினான்.

போ என்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லி, அதட்டி, போ என்று. வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. கூப்பிடத் தெரிந்த உதடுகளுக்குத் துரத்தத் தெரியவில்லை. இடுப்புத்தான் வளைந்தது. மாமனார் எதிரே மருமகள் குனியும் குனிவு.

"அத்தா... குடுத்துடுங்க அத்தா. கொஞ்சுனது போதும்."

ஆட்டம் நின்றது. பிள்ளையின் தொப்பி ஒரு பக்கம் மெதுவாக அமுங்கியது, யாரோ தடவியதுபோல. பிறகு மறுபடியும் ஆட்டம்.

குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ஏர்மெக் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இமைமயிரில் ஒவ்வொன்றாக வெண்பனி பூத்தது. ஆட்டம் நிற்கவில்லை.