இஸ்திரிப் பெட்டியின் வயர்

இஸ்திரிப் பெட்டியின் வயர் காணாமல் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. பெட்டி அலமாரியில் அதன் இடத்திலேயே இருந்தது. பின்னால் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வயர் துருத்திக்கொண்டிருந்தது, வால் அறுந்த பல்லி மாதிரி.

“எலி கடிச்சிருக்கும்,” என்றான் கணவன்.

“எலி கத்தரிக்கோல் எடுத்துக்கிட்டா வந்துச்சு?”

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சிரித்தான். அது அவளுக்கு உறுத்தியது. ஆனால் காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் யார் வயரைப் பற்றி யோசிப்பார்கள்?

இப்போது சாயங்காலம். குளிர்காலம் என்பதால் சீக்கிரமே இருட்டிவிட்டது. அலுவலகத்தில் பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு மேல் காற்றுக் குழாய் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, பழைய கம்பளத் தூசியின் வாசனையில் அவள் வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையைச் சூடாக்கக் கம்பெனி விற்ற ஹீட்டரில் ஒரு மாடல் தீப்பிடிக்கிறது. வாங்கியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். மறுபடி யாரும் போடாதபடி அதன் வயரை வெட்டி, வெட்டிய துண்டை ஹீட்டர் முன்னால் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும். புதியது வீடு தேடி வரும். படங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை.

முதல் நாளே இன்ஜினியர் சொல்லியிருந்தார்: “சூடு ஏறினா உள்ள இருக்கற சுவிட்ச் டிக்னு அணைக்கும். ஆறினா டிக்னு போடும். அந்தச் சத்தம் கேட்கற வரைக்கும் பயமில்ல. நின்னுச்சுன்னா சுவிட்ச் உருகி ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம் அது அணையாது.”

அவள் வீட்டிலும் அதே மாடல்தான் இருந்தது. அன்றைக்கே கணவனிடம் சொன்னாள். மறுநாள் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

அடுத்த படத்தைத் திறந்தாள்.

ஹீட்டரின் வயர் தட்டையாக, வெள்ளையாக இருக்கும். படத்தில் கிடந்தது உருண்டை வயர். கறுப்புத் துணி சுற்றி, வெள்ளைப் புள்ளிகள் போட்டது. நடுவில் ஒரு இடத்தில் மஞ்சள் டேப். போன வருடம் இஸ்திரிப் பெட்டி பட்டுப் பொசுங்கிய இடத்தில் அவளே சுற்றிய டேப்.

அனுப்பியவர் பெயரை அவள் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

மூன்று நாளாகக் குழந்தையின் அறைக்குள் நுழைந்தால் முடி பொசுங்கிய மாதிரி லேசான வாசனை வந்தது நினைவுக்கு வந்தது. ஜன்னலை மூடியே வைத்திருப்பதால் என்றான். இருமலோடு இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்று லீவும் போட்டிருந்தான்.

போனை எடுத்து அவனை அழைத்தாள்.

“என்னம்மா?” குரலில் தூக்கக் கலக்கம்.

“குட்டி எங்க?”

“தூங்கறா. நாளெல்லாம் இருமினா. இப்பதான் நின்னுருக்கு, போன்ல கத்தாத.”

அவன் குரலுக்குப் பின்னால், எங்கோ ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், சன்னமாக. டிக்.

“அது என்ன சத்தம்?”

“கடிகாரம்.”

வீட்டுக் கடிகாரத்துக்கு முள் கிடையாது. எண்தான் மாறும். சத்தமே வராது.

“என்னங்க, ஹீட்டர் எங்க?”

“கடையில குடுத்துட்டேன்னு சொன்னேன்ல. எத்தனை தடவை கேப்ப?”

“நான் படத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு டிக்.

“சும்மா கிடைக்குதேன்னு...” என்றான். “நல்லா ஓடற பொருளை எதுக்கு வெட்டணும்? ரெண்டும் நம்மகிட்டயே இருக்கட்டும்னுதான்...”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அடுத்த டிக் வர வேண்டும். காத்திருந்தாள். காற்றுக் குழாய் முனகியது. தன் நாடித் துடிப்பு கேட்டது. வேறு எதுவும் இல்லை.

வரவில்லை.

“எங்க வச்சீங்க? திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன். சொல்லுங்க. எழுந்து போங்க.”

நாற்காலி நகரும் சத்தம். செருப்பில்லாத கால்கள். நின்றன.

“கைப்பிடி சுடுது,” என்றான். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

“எந்தக் கதவு?”

“ஸ்ஸ்” என்று அவன் கையை உதறும் சத்தம் கேட்டது.

“குட்டி இருமறாளா? கேளுங்க. காதை வச்சுக் கேளுங்க.”

“இல்ல.”

“எந்தக் கதவு?”

“குட்டி ரூம்,” என்றான். “கட்டிலுக்கு அடியில வச்சேன்.”