பள்ளத்தின் மூன்று பார்வைகள்

வரைபடத்தை மென்பொருளுக்குள் இழுத்தபோது கோடுகள் எல்லாம் எப்போதும் போல வெள்ளையாகத்தான் வந்தன. பள்ளத்துக்குள் கிடந்த ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் வந்தது. உமைரா முதலில் திரையில் தூசி என்று நினைத்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். போகவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், ஒரு கம்பிக் கிடங்கின் மாடியில் இருந்தது அந்த டிசைன் ஆபீஸ். கீழே லாரியில் கம்பி இறக்கும் சத்தமும், அடுத்த தெரு உருக்காலையின் ஓயாத உறுமலும் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டே இருக்கும். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டால் ரசாயனக் கம்பெனியின் அழுகிய முட்டை நாற்றம் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கி, ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, கொண்டுவந்த சோற்றில்கூட ஏறிவிடும். உமைரா பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வேலைக்கு வருகிறவள். இந்த நாற்றம் அவளுக்குப் பழகியிருந்தது. உறுமலும் பழகியிருந்தது. எப்போதாவது அது நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

இரும்பை உருட்டிக் கம்பியாக்கும், வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு ரோலிங் மில்லை யாரோ புதிதாக வாங்கியிருந்தார்கள். புது மெஷின்கள் எங்கே உட்காரும் என்று பார்க்க, மில் கொட்டகை முழுவதும் முப்பரிமாணத்தில் வேண்டும் என்றார்கள். பழைய காகிதப் படங்களைப் பார்த்து யாரோ ஆட்டோகேடில் வரைந்து, சி.டி.யில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதை முப்பரிமாண மென்பொருளுக்குள் கொண்டுவந்து எழுப்பி நிறுத்துவது உமைராவின் வேலை. மேலிருந்து பார்த்தது, முன்னாலிருந்து பார்த்தது, பக்கவாட்டில் பார்த்தது என்று மூன்று படங்கள் தட்டையாகக் கிடக்கும். மேல்பார்வையைத் தரையாகப் படுக்கவைத்து, மற்ற இரண்டையும் அட்டைப்பெட்டியின் சுவர்கள் மாதிரி நிமிர்த்தி, கோடுகளைப் பிடித்து இழுத்தால் அவை கனம் பெறும். மூன்று பார்வைக்கும் பொதுவான இடம் மட்டும் கெட்டியாக நிற்கும், மற்றது கழிந்துபோகும். தூண்கள் அப்படித்தான் எழுந்தன. கூரை எழுந்தது. கொட்டகை நடுவில், உருளைகளிலிருந்து உதிரும் இரும்புச் செதிலும் தண்ணீரும் போய் விழுவதற்காக வெட்டியிருந்த பள்ளமும் இறங்கியது.

அந்தச் சாம்பல் கோடு மூன்று படங்களிலும் இருந்தது. மேலிருந்து பார்த்தால் நசுங்கிய வட்டம். முன்னால் ஒரு கூம்பிய மேடு. பக்கவாட்டில் கொக்கி போல ஒரு வளைவு. பழைய பம்பு ஏதாவது இருக்கும் என்று நினைத்து அதையும் சேர்த்து இழுத்தாள். மென்பொருள் சிறிது நேரம் யோசித்தது. பிறகு பள்ளத்தின் மூலையில் அது வந்து நின்றது.

நின்றது இல்லை. உட்கார்ந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை அதற்குள் புதைத்துக்கொண்டு.

"மணவாளண்ணா, இத கொஞ்சம் பாருங்களேன்."

மணவாளன் சைட்டுகளுக்குப் போய் டேப் பிடித்து அளந்து வருகிறவர். பொன்னேரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. பத்தாவது படிக்கும் பூமிகா என்று ஒரு மகள் உண்டு. வேலை முடிந்ததும் உமைராவைத் தன் டி.வி.எஸ். வண்டியில் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டு, அவள் ரயில் ஏறும்வரை பிளாட்பாரத்தில் வேர்க்கடலை தின்றபடி நிற்பார். டீ தம்ளரோடு வந்து குனிந்தார்.

"இன்னாம்மா இது. ஆளு குந்திக்கினு இருக்கிற மாதிரி கீது."

"மாதிரி இல்லண்ணா. ஆளுதான்."

"வரைஞ்சவன் எவனோ வேல இல்லாம வெளையாடிக்கிறான். அழிச்சிடும்மா. பூமிகாகூட இப்படித்தான், கணக்கு நோட்டு பூரா பொம்ம போட்டு வச்சிக்குது."

உமைராவும் சிரித்தாள். மூல வரைபடத்தைத் திறந்து மூன்று இடத்திலும் அந்தக் கோடுகளை அழித்தாள், பெரிதாக்கிப் பார்த்து மிச்சம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள், சேமித்தாள், மறுபடி உள்ளே இழுத்தாள். வெள்ளைக் கோடுகள் மட்டும் வந்தன. எழுப்பினாள். தூண்கள், கூரை, பள்ளம்.

மூலையில் அது இருந்தது. இப்போது தலை முழங்காலில் இல்லை. நிமிர்ந்திருந்தது.

மூக்கு, கண் என்று எதுவும் இல்லை. உருண்ட சாம்பல் பரப்பு, அவ்வளவுதான். ஆனாலும் அது மேலே பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே என்றால், கொட்டகையை எந்த இடத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அங்கே. மவுஸை நகர்த்தி வேறு பக்கம் திருப்ப அவள் கை வரவில்லை.

முதலாளி ஆதிநாராயணன் குடையை உதறிக்கொண்டு வந்தார். நாளைக் காலை மில்காரர்கள் மாடலைப் பார்க்க வருகிறார்கள். உமைரா தயங்கித் தயங்கி, பள்ளத்தில் ஏதோ கோளாறு, அழித்தாலும் வருகிறது என்றாள். ஆள் என்று சொல்லவில்லை.

"பழைய படத்த நம்பினா இப்படித்தான்மா. மணவாளன், நீ ஒரு நட போய் அந்தப் பள்ளத்த மட்டும் புதுசா அளந்துகினு வந்துடு நைனா. இந்தப் பொண்ணு புதுசா வரைஞ்சிக்கட்டும்." சொல்லிவிட்டு அவர் சென்னைக்குக் கிளம்பிப் போனார்.

மணவாளன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உமைரா படிவரைக்கும் கூடவே போனாள்.

"உள்ள எறங்காதீங்கண்ணா."

"எறங்காம எப்டிம்மா அளக்கறது? ஒரு ஆள் ஆழந்தான். இரும்பு ஏணி வச்சிக்கிறாங்க."

"எனக்கு என்னமோ சரியாப் படல."

அவர் அவளைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. "இந்த மழைக்கு உள்ள தண்ணி நின்னுக்கினு இருக்கும். நின்னா எறங்க மாட்டேன், மேலேர்ந்தே பாத்துட்டு வந்துடறேன். போதுமா?"

வண்டிச் சத்தம் தெருமுனையில் மழைக்குள் கரைந்தது.

மதியம்தான். ஆனால் வானம் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்திருந்தது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் ஒரே கனத்தில், ஏறாமல் இறங்காமல், யாரோ மேலே நின்று ஜல்லியைக் கொட்டிக்கொண்டே இருப்பது போல விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் எதிர்ச்சுவரில் புழுவாக ஊர்ந்தது. நாற்றம் கனத்து நாக்கின் அடியில் உப்பாகத் தங்கியது. கரண்டு போனது. விளக்கும் ஃபேனும் நின்றன. யு.பி.எஸ். தயவில் அவள் கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருந்தது. கீழே கம்பி இறக்குகிறவர்கள் மழைக்கு எங்கோ ஒதுங்கிவிட்டார்கள். அப்போதுதான் கவனித்தாள். அடுத்த தெருவின் உறுமலும் நின்றிருந்தது.

மாடலை மூடிவிடலாம் என்று மவுஸைத் தொட்டாள். கொட்டகை தானாக மெல்ல ஒருமுறை சுழன்று நின்றது.

மூலை காலியாக இருந்தது.

பள்ளத்தைப் பெரிதாக்கினாள். சுவரில் ஏணி. அவள் ஏணி எதுவும் வரையவில்லை. ஏணியின் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. ஒரு கை முதல் கம்பியின் மேல்.

உமைரா போனை எடுத்தாள். விரல் பட்டனில் நிற்காமல் வழுக்கியது. மணி அடித்தது. அடித்தது. எடுத்தார்.

"சொல்லும்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"உள்ளதாம்மா. பள்ளத்துல. ஒரு சொட்டுத் தண்ணி இல்லம்மா, இவ்ளோ மழைக்கு. சூடா வேற கீது. இப்பத்தான் யாரோ அடுப்ப அணைச்ச மாதிரி."

"மேல வந்துடுங்க."

"நாலு பக்கமும் அளந்துட்டேன், ஆழம் மட்டும்..."

"வேணாண்ணா. மேல வந்துடுங்க. இப்பவே."

"சரிம்மா. தோ, வந்துகினே கீறேன். வைக்காத."

இரும்பில் செருப்பு படும் சத்தம். டங். டங். அவர் மூச்சு. டங். ஒரு ஆள் ஆழம் என்றார். டங். டங். இந்நேரம் தலை வெளியே வந்திருக்கும். டங். மழைச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. டங். டங். மூச்சு வாங்கியது அவருக்கு. டங். அந்தச் சத்தத்தின் வால் பிடித்து இன்னொரு சத்தம். மெதுவாக. ஒரு கம்பி கீழே.

"அண்ணா."

போன் அறுந்தது.

மறுபடி அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். மறுபடி. அதே குரல். உமைரா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கீழே போய் யாரையாவது கூப்பிட வேண்டும். மில்லுக்கு ஓட வேண்டும். கதவைத் திறந்து படியில் காலை வைத்தாள்.

படியில் மணவாளன் ஏறி வந்துகொண்டிருந்தார்.

உமைரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யா அல்லாஹ். பயமுறுத்திட்டீங்கண்ணா. போன் கட்டாயிடுச்சு. வண்டிச் சத்தம்கூடக் கேக்கலயே."

"மழை," என்றார் அவர்.

கடந்து உள்ளே போனார். அவர் பின்னால் சூடான இரும்பின் வாடை வந்தது. சட்டை நனைந்திருக்கவில்லை. ரெயின்கோட் போட்டுக் கழற்றியிருப்பார் என்று உமைரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் அவள் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றார். திரையைப் பார்த்தபடி. நேராக.

"அளவு எடுத்தாயிற்று," என்றார். "வரை."

அவர் அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை. அந்தக் குரலில் 'ம்மா' இல்லை. கோபமா என்று முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. எதுவும் இல்லை. மேஜையில் வைத்த காகிதத்தில் எண்கள் இருந்தன. நீளம். அகலம். ஆழத்துக்கு நேராக ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"டீ சொல்லட்டாண்ணா?"

"வரை."

நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வரையாமல் எழுந்து ஓடிவிடலாம். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் அவர் நின்றார். புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். வெறும் கறுப்பு. அதில் நான்கே கோடுகள், ஒரு கட்டம். வேறு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதை உள்ளே இழுத்தாள்.

மென்பொருள் யோசித்தது.

பள்ளம் எழுந்தது. ஏணி எழுந்தது. கீழே அடி இல்லை. கம்பிகள் திரையின் விளிம்புவரை இறங்கிப் போயின. மேலேயும் மூடி இல்லை. விளிம்புவரை ஏறிப் போயின. நடுவில் ஒரு ஆள் தொற்றிக்கொண்டிருந்தான். தோளில் பை. இடுப்பில் டேப். வயிறு கொஞ்சம் முன்தள்ளியிருந்தது. ஒரு கை கம்பியில். மறுகை காதோடு எதையோ அழுத்திப் பிடித்திருந்தது.

மேஜையில் அவள் போன் அதிர்ந்தது.

போன் திரையில் மணவாளன் அண்ணா என்று வந்தது.

பக்கத்தில் நின்றவர் அசையவில்லை. இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. கையில் போன் இல்லை.

உமைரா எடுத்தாள். காதில் வைத்தாள். டங். மூச்சு. டங்.

"உமைராம்மா." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார். "ஏறிக்கினே கீறேம்மா. ஏணி முடியவே மாட்டேங்குது. மேல வெளிச்சமே காணோம். எவ்ளோ நேரமாச்சோ தெரியல, பூமிகா ஸ்கூல் வுட்டு வந்திருக்கும். யாரையாச்சும் அனுப்பும்மா."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"இருக்கியாம்மா?"

பக்கத்தில் நின்றவர் திரையிலிருந்து முகத்தை அவள் பக்கம் திருப்பத் தொடங்கினார். மெதுவாக. பக்கவாட்டில் அது மணவாளனின் முகம். அதே மூக்கு, அதே தாடை, காதோரம் அதே நரை. படியில் ஏறி வந்தபோது முன்னாலிருந்து பார்த்ததும் மணவாளனின் முகமாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அது வேறாக இருந்தது. கன்னத்தில் வளைவு இல்லை. ஒரு தட்டையான பரப்பும் இன்னொரு தட்டையான பரப்பும் கூரான விளிம்பாகச் சேர்ந்தன. நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே விளிம்பு. கண் அந்த விளிம்பின் மேல் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக மடிந்திருந்தது.

அந்தக் கோணத்துக்கு வந்ததும் அது திரும்புவதை நிறுத்திக்கொண்டது. அப்படியே நின்று அவளைப் பார்த்தது.